உலர்த்து இனத்தில் ஓர் இணைப்பு

செஞ்சி நகரத்தில் நனைந்த துணி காயாமல் போனதாக இதுவரை எந்தப் புகாரும் பதிவாகவில்லை என்பதை முதலில் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எங்கள் ஊரைச் சுற்றி மலைகள் உண்டு. மலைகளில் மரம் கிடையாது, பாறைதான். சூரியன் பாறையைச் சுட வைக்கும், பாறை ஊரைச் சுட வைக்கும். மாசி பிறந்துவிட்டால் வேட்டியின் ஒரு முனையைக் கொடியில் போட்டு மறுமுனையை இழுத்து விடுவதற்குள் முதல் முனை காய்ந்துவிடும். அப்படிப்பட்ட ஊருக்குத்தான் துணி உலர்த்தும் மின்சார எந்திரம் ஒன்று வந்து சேர்ந்தது.

நான் கடைத்தெருவில் கயிற்றுக்கடை வைத்திருப்பவன். கொடிக்கயிறு, கிணற்றுக்கயிறு, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு எல்லாம் கிடைக்கும். ஆகையால் இந்த விஷயத்தில் நான் நடுநிலையோடு பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

எந்திரம் வந்தது என் கடைக்கு எதிர்வீட்டுக்கு. ஜவுளிக்கடை முதலாளி சிங்காரவேலுவின் வீடு அது. அவருடைய மைத்துனர் ராஜாங்கம் சைகோனில் வேலை பார்த்தவர். அங்கே வருஷத்தில் பாதி மழை என்பதால் எந்திரத்துக்கு வேலை இருந்தது. ஊர் திரும்பும்போது அதை விட்டுவிட்டு வர மனசில்லாமல் கப்பலில் ஏற்றி, புதுச்சேரிக்குக் கொண்டுவந்து, அக்காள் ராஜாம்பாள் வீட்டுக் கூடத்தில் இறக்கிவிட்டு, வேலை தேடிப் பம்பாய்க்குப் போய்விட்டார். போகும்போது ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"உள்ளார ஒரு சல்லடை இருக்குதுக்கா. துணியில இருக்கிற பஞ்செல்லாம் அதுல வந்து சேரும். அப்பப்ப எடுத்துத் தட்டிடு. மறந்துடாத."

அக்காள் மறக்கவில்லை. ஆனால் விதி வேறு உருவத்தில் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வருஷத்தில் நாலு நாள் பெய்யும் ஐப்பசி மழையில் ஊரெல்லாம் ஈரத் துணியோடு தவித்தபோது சிங்காரவேலு வீட்டில் மட்டும் துணி கொதிக்கக் கொதிக்க வெளியே வந்தது. கடைத்தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, எந்திரத்தின் வட்டக் கண்ணாடி வழியாகச் சிங்காரவேலுவின் வேட்டி சுற்றுவதைத் தேர் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள். மழை நின்றது. எந்திரத்தின் மவுசு நிற்கவில்லை. கார்த்திகை முடிவதற்குள் வெயிலில் துணி காயப் போடுவது என்பது கௌரவமுள்ள குடும்பங்கள் செய்யும் காரியமல்ல என்று ஊருக்குள் ஒரு கருத்து நிலைபெற்றுவிட்டது. எந்திரம் இல்லாத வீடுகளிலும் மொட்டைமாடிக் கொடியை அவிழ்த்துவிட்டார்கள். எந்திரம் இருப்பதாகப் பிறர் நினைத்துக்கொள்ளட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு, அறைக்குள்ளேயே துணியை உலர்த்தினார்கள். கடைத்தெரு முழுக்க முடை நாற்றம். ஒரு கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணு ஊட்ல துணி எங்க காயுது?" என்று கேட்டதாகவும், பெண்ணின் தாய் குஞ்சம்மாள், "உள்ளாரதாங்க" என்று தலை நிமிர்ந்து சொன்னதாகவும், சம்பந்தம் அங்கேயே முடிவானதாகவும் கேள்வி. நான் கொடிக்கயிறு விற்பதை நிறுத்திவிட்டேன். வாங்க ஆளில்லை.

இப்போது விதிக்கு வருகிறேன். சிங்காரவேலு ஜவுளிக்கடை முதலாளி. அவர் வேட்டி மடிப்புக் கலையாமல் தகரம்போல் நிற்க வேண்டும். அதற்குக் கஞ்சி வேண்டும். சைகோன்காரர்கள் கஞ்சி போட்டு வேட்டி கட்டுவதில்லையாதலால், ராஜாங்கம் அதைப் பற்றி எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. ராஜாம்பாள் வடித்த கஞ்சியில் வேட்டிகளை நன்றாக முக்கி, சொட்டச் சொட்ட எந்திரத்தில் போட்டாள். பஞ்சும் கஞ்சியும் சல்லடையில் ஒன்றாகச் சேர்ந்து, சூட்டில் வெந்து, தட்டு நிறைய வடாம் இட்டதுபோல் இறுகிவிட்டன. காற்றுப் போக வழியில்லை. எந்திரம் மூச்சு முட்டி, சூடு தலைக்கேறி, தானாகவே நின்றுவிட்டது. பழுது இவ்வளவுதான். இதை நான் முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம், இதைக் கண்டுபிடிக்க இனிமேல் நடக்கப்போகும் பாடுகளில் வாசகர்களும் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பதுதான்.

சிங்காரவேலு மின்சார ஆபீசுக்கு ஆள் அனுப்பினார். அந்த இலாகாவின் நிஜப் பெயரைச் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. வெளிச்ச இலாகா என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலத்துக்கு மேல் எங்கள் ஊரில் பல்பு எரிகிறதா என்று பார்க்கத் தீக்குச்சி கிழிக்க வேண்டியிருக்கும். ஆகவே பெயர் பொருத்தமானதுதான்.

வெளிச்ச இலாகாவின் மேற்பார்வையாளர் கோவிந்தராஜ் வந்தார். எந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இது இன்னா?"

"துணி காய வைக்கிற மெஷின் சார். சுத்த மாட்டேங்குது."

"அது கெடக்கட்டும். இது எந்த இனம்?"

"இனமா?"

"கரெண்ட் எடுக்கிற சாமான் எல்லாம் ஏதாவது ஒரு இனத்துல வரணும் முதலாளி. விளக்கு இனம், விசிறி இனம், ரேடியோ இனம், மோட்டார் இனம். இது சுத்துதுன்றீங்க, அப்ப மாவு மில்லு. சூடாவுதுன்றீங்க, அப்ப அடுப்பு. கதவு வெச்சிருக்குது, பார்த்தா பீரோ. எதுல எழுதறது?"

ராஜாம்பாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சார், சல்லடையில கஞ்சி ஒட்டிக்கினு இருக்குது. தோசைக் கரண்டியால சுரண்டிட்டா ஓடும்னு தோணுது."

கோவிந்தராஜ் அவளைக் கருணையோடு பார்த்தார். "அம்மா, கஞ்சி எங்க இலாகா வரம்புக்குள்ள வராது. பழுது என்பது மின்சாரம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் மட்டுமே நாங்கள் அதைப் பழுது என்று கருத முடியும்." கடைசி வாக்கியத்தை அவர் மேடைத் தமிழில் சொன்னார். முக்கியமான விஷயங்களுக்கு அவர் அப்படித்தான் மாறுவார்.

பிறகு, இனம் முடிவாகும்வரை யாரும் எந்திரத்தில் கை வைக்கக் கூடாது என்று கதவிடுக்கில் அரக்கு வைத்து முத்திரை குத்திவிட்டார். உள்ளே நாலு வேட்டி மாட்டிக்கொண்டன. சல்லடையும் உள்ளேதான் இருந்தது.

அப்போதுதான் தளவானூர் துரைக்கண்ணு அந்த வீட்டு வாசலில் வந்து நின்றான். துரைக்கண்ணு என் பழைய வாடிக்கை. மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைக்க வடக்கயிறு வாங்குவான். குகைக்கோயில் பாறைக்குப் பின்னால் அவனுக்கு இரண்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு. தை மாதம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைத்திருந்தான். அந்த வருஷம் கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டதால் கிணற்றில் தண்ணீர் கீழே போயிருந்தது. இருந்த ஜோடி மாட்டில் ஒன்று படுத்துவிட்டது. மோட்டார் ஒன்று வாங்கி, கோணியில் சுற்றி, வீட்டு மூலையில் வைத்திருந்தான். கரெண்டுக்கு எழுதிக் கொடுத்து இரண்டு தீபாவளி போயிருந்தது.

"சார், நம்ம மோட்டாருக்கு..." என்று ஆரம்பித்தான்.

"கம்பம் வரல" என்றார் கோவிந்தராஜ்.

"பயிரு வாடுது சார். இந்த மல்லாட்டையும் போச்சுன்னா, பொண்டாட்டி புள்ளைங்கள இட்டுக்கினு பெங்களூருக்குக் கல்லொடைக்கத்தான் போவணும்."

"அது விவசாய இலாகா. என்கிட்ட சொல்லக் கூடாது."

இனப் பிரச்சினை மேலிடத்துக்குப் போயிற்று. மேலிடத்தில் இருந்தவர் கோட்டப் பொறியாளர் கிருஷ்ணமூர்த்தி. புதுமை விரும்பி. தம் கோட்டத்தில் இதுவரை யாரும் கேட்டிராத ஒரு சாமான் இருக்கிறது என்றதும் அவர் அகமகிழ்ந்து, 'உலர்த்து இனம்' என்று ஒன்றைப் புதிதாகத் தோற்றுவித்தார். புது இனம் பிறந்தால் அது தவழ வேண்டும், நடக்க வேண்டும். முன்னேற்றம் காட்டாவிட்டால் பெற்றவருக்கு அவமானம். எனவே முதல் எந்திரம் உடனடியாக ஓடியாக வேண்டும் என்றும், தாமே நேரில் வந்து அது ஓடுவதைப் பார்ப்பதாகவும் தாக்கீது அனுப்பினார்.

கோவிந்தராஜ் தாக்கீதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். பழுதைத் தேட ஆரம்பித்தார். முதலில் ஃபியூஸ் மாற்றினார். எந்திரம் ஓடவில்லை. கம்பி மெலிந்திருக்கிறது என்று தடித்த கம்பி இழுத்தார். ஓடவில்லை. வோல்டேஜ் போதவில்லை என்று தீர்மானித்து, சிங்காரவேலு வீட்டுக்கென்று தனி லைன் போட உத்தரவிட்டார். அதற்குக் கம்பம் வேண்டுமே? மறுநாள் காலையில் கம்பங்கள் லாரியில் வந்தன. கம்பத்தின் அடியில் தாரால் 'தள.' என்று எழுதியிருந்தது.

துரைக்கண்ணு அதைப் படித்தான். "இது தளவானூருக்கு வந்தது மாதிரி இருக்குதுங்களே சார்?"

"தளவாடம்னு அர்த்தம்" என்றார் கோவிந்தராஜ்.

தனி லைன் வந்தது. முத்திரையை உடைக்காமல் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார்கள். எந்திரம் ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றது.

"கஞ்சி சார்" என்றாள் ராஜாம்பாள்.

"எர்த் சரியில்ல" என்றார் கோவிந்தராஜ்.

எர்த் என்றால், கரெண்டு தப்பிப் பாய்ந்தால் பூமிக்குள் போகட்டும் என்று வீட்டுப் பின்புறம் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டுப் புதைக்கிற கம்பி. அந்தக் குழி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். மாசி மாதத்தில் செஞ்சியில் எது ஈரமாக இருக்கும்? கடைத்தெருக் கிணறுகள் எல்லாம் அடிமண் தெரியக் கிடந்தன. பெரிய இஞ்சினியர் வரும் நாளும் நெருங்கிவிட்டது. அவர் பார்வைக்கு எந்திரம் ஓடினால் மட்டும் போதாது, துணி காய வேண்டும். துணி காய வேண்டுமென்றால் முதலில் அது நனைந்திருக்க வேண்டும். இந்த உண்மை கோவிந்தராஜுக்குக் காபி குடிக்கும்போது திடீரென்று புலப்பட்டது. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு என் கடைக்கு ஓடி வந்தார். துரைக்கண்ணு அங்கே உட்கார்ந்திருந்தான்.

"யோவ் துரைக்கண்ணு, உன் கெணத்துல தண்ணி இருக்குதில்ல?"

"கொஞ்சம் இருக்குது சார். பயிருக்கு."

"ரெண்டு பீப்பா கொண்டாந்து ஊத்து. எர்த்துக்கு ஒண்ணு, துணிக்கு ஒண்ணு. பெரிய ஐயா வர்றாரு. உன் மோட்டார் விஷயத்த அவர் காதுல போடறேன்."

துரைக்கண்ணு இரவல் மாடு பூட்டி, பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்தான். வாடுகிற பயிரைத் தாண்டித்தான் வண்டி வர வேண்டும். அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னான். எனக்கு மனசு கேட்கவில்லை. கேட்காமல் என்ன செய்ய? பீப்பாயை இறக்க ஒரு கை கொடுத்தேன்.

கிருஷ்ணமூர்த்தி ஜீப்பில் வந்தார். மாலை, எலுமிச்சம்பழம், சோடா. கோவிந்தராஜ் முத்திரையை உடைத்தார். எந்திரத்தின் கதவு திறந்ததும் பல நாள் புளித்த கஞ்சி வாசனை கூடத்தை நிறைத்தது. புதுமை விரும்பியாதலால் பெரியவர் தாமே உள்ளே கையை விட்டார். சல்லடை கையோடு வந்தது. அதன்மேல் வெள்ளை வெளேரென்று கனத்த தகடு ஒன்று.

"இது என்ன?"

கோவிந்தராஜ் தயங்கவில்லை. "அது எந்திரத்தின் உற்பத்தி, சார்."

"உற்பத்தியா?"

"உலர்த்தும்போது உபரியாக உண்டாவது."

ராஜாம்பாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "கஞ்சிங்க. இவரு வேட்டிக்குப் போட்டது" என்றாள்.

பெரியவர் இருவரையும் பார்த்தார். கஞ்சி என்றால் இத்தனை கம்பமும் எதற்கு என்ற கேள்வி வரும். உற்பத்தி என்றால் வராது. "உபரி உற்பத்தி" என்று குறித்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, தகட்டைக் கழற்றி ஓரமாக வைத்தார். சல்லடையை வெறுமையாக உள்ளே தள்ளி, துரைக்கண்ணுவின் தண்ணீரில் நனைத்த வேட்டிகளைப் போட்டு, சுவிட்சைத் தட்டினார்கள். எந்திரம் கடகடவென்று சுற்றியது. கூடமே கைதட்டியது. மின்னழுத்தம் சீர்செய்யப்பட்டதன் விளைவாக எந்திரம் குணமடைந்தது என்று அறிக்கை எழுதப்பட்டது. சிங்காரவேலு காய்ந்த வேட்டியை எடுத்துப் பார்த்து முகம் சுளித்தார். அதில் கஞ்சி இல்லை.

பெரியவர் உணர்ச்சிவசப்பட்டிருந்தார். "இந்தத் தாலுகாவில் மார்ச்சு முடிவதற்குள் நூறு உலர்த்து இணைப்புகள் கொடுக்கப்பட வேண்டும். கம்பம், கம்பி எதற்கும் தட்டுப்பாடு இருக்கக் கூடாது" என்று முழங்கிவிட்டு ஜீப்பில் ஏறினார். துரைக்கண்ணு விஷயத்தைக் காதில் போடுவதாகச் சொன்ன கோவிந்தராஜ், அவர் காதருகே போய் சோடா எப்படியிருந்தது என்று மட்டும் விசாரித்தார்.

ஜீப் போனதும் துரைக்கண்ணு கேட்டான். "சார், நம்ம மோட்டாரு?"

"மோட்டார் இனத்துல கம்பமே கெடையாதுய்யா. உலர்த்து இனத்துல வேணும்னா எவ்வளவு வேணும்னாலும் இருக்குது." கோவிந்தராஜின் குரலில் இப்போது வேறு கவலை. நூறு உலர்த்து எந்திரத்துக்கு எங்கே போவது? தாலுகாவில் இருப்பது ஒன்றே ஒன்று.

துரைக்கண்ணு தலையைச் சொறிந்தான். படிக்காதவன் என்றாலும் இரண்டு வருஷம் ஆபீசுக்கு நடந்தவன்.

"அப்ப எனக்கும் துணி காய வெக்கணும் சார்."

கோவிந்தராஜ் நிமிர்ந்து பார்த்தார். "எந்திரம் வெச்சிருக்கிறியா?"

"வெச்சிருக்கிறேன் சார். கோணியில சுத்தி வெச்சிருக்கிறேன்."

"எங்க வெக்கப் போற?"

"கெணத்தாண்ட சார்."

"கெணத்தாண்ட ஏன்?"

"தொவைக்கிறது அங்கதானே சார்."

"அதுக்குக் குழாய் எல்லாம் உண்டா?"

"துணியில கீற தண்ணி வெளிய போவணுமே சார்."

"எங்க போவும்?"

"மல்லாட்டையில."

கோவிந்தராஜ் பேனாவை எடுத்தார். "எந்திரத்தின் தன்மை: உலர்த்து. பயனாளியின் துணிமணி?"

"ரெண்டு வேட்டி, ஒரு துண்டு சார்."

"போதும்" என்றார் கோவிந்தராஜ்.

மூன்றாம் நாள் தளவானூரில் கம்பம் நட்டார்கள். துரைக்கண்ணுவின் மோட்டார், உலர்த்து இனத்தைச் சேர்ந்த எந்திரமாக, கிணற்றிலிருந்து தண்ணீரைக் குபுகுபுவென்று தள்ளியது. வாடியிருந்த பயிர் இரண்டு நாளில் தலை தூக்கி, மஞ்சள் பூப் பூத்தது. அவன் எனக்குக் கிணற்றடிச் செடியில் பறித்த ஒரு கூடை கத்திரிக்காய் கொண்டுவந்து கொடுத்து, "ஒண்ணும் இல்ல அண்ணே, துணி காயுது" என்று கண்ணைச் சிமிட்டினான். அன்றைக்கு நான் சிரித்த மாதிரி பல வருஷமாகச் சிரித்ததில்லை.

இந்தச் செய்தி பஸ்ஸைவிட வேகமாகப் போயிற்று. வல்லத்திலிருந்து வந்தார்கள், சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். எல்லோருக்கும் துணி காய வைக்க வேண்டியிருந்தது. ஐந்து குதிரைச் சக்தியில் காய வைக்க வேண்டியவர்களும் இருந்தார்கள். கோவிந்தராஜ் யாரையும் ஏமாற்றவில்லை. கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். தெருவிளக்கு எரியாத ஒரு கிராமம், தெருவிளக்கையே உலர்த்து இனத்தில் வாங்கிக்கொண்டது. கயிறு விற்கிறவனுக்கு என்ன வீம்பு என்று நானும் போய் எழுதிக் கொடுத்தேன். என் கடை பல்பு இன்றைக்கும் உலர்த்து எந்திரமாகத்தான் எரிகிறது. மார்ச்சு முடிவில் நூறு என்ற இலக்கைத் தாண்டி எங்கோ போய்விட்டோம். ராஜ்யத்திலேயே துணி உலர்த்துவதில் செஞ்சி முதலிடம் என்று பத்திரிகையில் போட்டார்கள்.

முதலிடம் வந்தால் பார்வையிட ஆள் வரும். பட்டணத்திலிருந்து ஒரு மேலதிகாரி, கிருஷ்ணமூர்த்திக்கும் மேலானவர், கிராமம் கிராமமாகப் போய் எந்திரங்களைப் பார்க்கப்போவதாகச் செய்தி வந்தது. கோவிந்தராஜ் அழுதேவிட்டார். இணைப்பு வாங்கியவர்கள் எல்லோரும் ஆபீஸ் வாசலில் கூடினோம். உண்மையைச் சொன்னால் லைனை அறுத்துவிடுவார்கள். துரைக்கண்ணுவின் பயிரில் காய் பிடிக்கிற நேரம். இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ந்தால் வீட்டுக்கு வந்துவிடும்.

"எல்லா ஊருக்கும் ஒரே மெஷினைக் காட்டுவோம்" என்று யாரோ சொன்னார்கள். ஊரோடு ஒத்து வாழ வேண்டியவர்தானே சிங்காரவேலு? எந்திரத்தைக் கொடுத்தார். என் கடைக் கயிற்றால் அதை மாட்டுவண்டியில் கட்டினோம். அதிகாரியின் ஜீப் நல்ல சாலையில் சுற்றிக்கொண்டு வருவதற்குள் வண்டி குறுக்கு வழியில் அடுத்த ஊருக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் இரண்டு ஊர்களில் கச்சிதமாக நடந்தது. எந்திரங்கள் எல்லாம் ஒரே அச்சாக இருப்பதைப் பார்த்து மேலதிகாரி வியந்தார். "நல்ல ஒழுங்கு" என்றார். மூடியில் இருந்த நசுங்கல்கூட எல்லா ஊரிலும் ஒரே இடத்தில் இருந்தது.

மூன்றாவது ஊர் தளவானூர். ஜீப் வந்துவிட்டது. வண்டி வரவில்லை. வழியில் அச்சாணி கழன்றுவிட்டதாகப் பிறகு தெரிந்தது. மேலதிகாரி கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"எந்திரம் எங்கே?"

கோவிந்தராஜ் முந்திக்கொண்டார். "உறை போட்டு உள்ளே வெச்சிருக்குது சார். முதல்ல துவைக்கணும். துவைச்ச பிறகுதானே உலர்த்தறது? முறைப்படி ஆரம்பத்திலிருந்து ஐயா பார்க்கணும்." துரைக்கண்ணுவின் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "மோட்டாரப் போடு. வண்டி வர்ற வரைக்கும் நனைச்சிக்கினே இரு" என்றார்.

துரைக்கண்ணு மோட்டாரைப் போட்டான். தண்ணீர் பாய்ந்தது. ஊரில் உள்ள வேட்டி, புடவை, கோணி, ஜமுக்காளம் எல்லாம் வந்தன. பெண்கள் துவைத்தார்கள். வண்டி வரவில்லை. துவைத்ததை மறுபடி துவைத்தார்கள். வெயிலோ, துவைத்துக் கல்லின்மேல் போட்டதை எல்லாம் உடனுக்குடன் காய வைத்துவிட்டது. எந்திரம் வருவதற்குள் துணி காய்ந்துவிட்டால் மானம் போகுமே என்று அவற்றின்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேயிருந்தார்கள். ஊற்றிய தண்ணீர் பாறையில் ஓடிச் சாலைப் பள்ளத்தில் தேங்கியது. பயிர் இருந்த பக்கம் மேடு.

"சார், தண்ணி கொறையுது" என்று துரைக்கண்ணு மெதுவாகச் சொன்னான்.

"கொஞ்சம் பொறுத்துக்க. லைன் வேணுமா வேணாமா?"

மேலதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டார். "அற்புதம். கோடையிலும் என்ன செழிப்பு!" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்துத் தலையாட்டினோம். வண்டி வந்து, எந்திரத்தைப் பின்பக்கமாக இறக்கி, துணியைப் போட்டு ஓட்டிக் காட்டியபோது, மோட்டார் குழாயில் தண்ணீர் நின்று சேறு வந்துகொண்டிருந்தது. மேலதிகாரி கைகுலுக்கிவிட்டுப் போனார். எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டு, அன்று சாயங்காலம் கடைத்தெருவில் ஆளுக்கொரு டீ சாப்பிட்டோம். துரைக்கண்ணு மட்டும் வரவில்லை. கிணற்றில் ஊறுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம்.

ஊறவில்லை.

சித்திரையில் வறட்சிப் பகுதிகளின் பட்டியல் வெளியானது. பட்டியலில் இருந்தால் நிலத் தீர்வை தள்ளுபடி, கிணறு ஆழப்படுத்தச் சர்க்காரின் துளை வண்டி எல்லாம் உண்டு. சுற்றுவட்டாரத் தாலுகாக்கள் எல்லாம் பட்டியலில் இருந்தன. செஞ்சி மட்டும் இல்லை. காரணமும் விளக்கமாகப் போட்டிருந்தார்கள். மக்கள் இத்தனை உலர்த்து எந்திரங்களை வாங்கியிருப்பதிலிருந்து இப்பகுதியில் இயற்கையான உலர்ச்சி போதிய அளவு இல்லை என்பது தெளிவாகிறது. மேலும் நேரில் பார்வையிட்டதில், கோடையின் உச்சத்திலும் தண்ணீர் சாலையில் ஓடக் காணப்பட்டது. எனவே இது ஈரமான தாலுகா.

மறுநாள் காலையில், இந்தக் காரணத்துக்கு ஆதாரம் கொடுத்த வெளிச்ச இலாகா வாசலில் நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்றோம். எல்லோர் கிணறும் அதே நிலைமைதான். முன்னால் துரைக்கண்ணு. அவன் கையில் வேரோடு பிடுங்கிய ஒரு மல்லாட்டைச் செடி. இலை சருகாகிச் சுருண்டிருந்தது. காயை நசுக்கினால் உள்ளே பருப்பில்லை, வெறும் பொக்கு. இரண்டு ஏக்கரும் அப்படித்தான். வீட்டுச் சாமானை மூட்டை கட்டியாகிவிட்டது என்றும், பெங்களூர் பஸ்ஸுக்கு முன்னால், பட்டியலில் சேர்க்கும்படி ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்ததாகவும் வழியில் என்னிடம் சொன்னான். கிணற்றை ஆழப்படுத்தினால் ஆடிப் பட்டத்துக்காவது விதைக்கலாம்.

அன்று ஆபீசில் கோவிந்தராஜ் மட்டும் இல்லை. பட்டணத்து மேலதிகாரியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெற்றியைப் பற்றி மேலும் விவரம் சேகரிக்க வந்தவர்.

துரைக்கண்ணு செடியை மேசைமேல் வைத்தான். "பாருங்க சார்."

மேலதிகாரி அதை எடுத்தார். தண்டை வளைத்தார், பட்டென்று ஒடிந்தது. இலையை விரலால் தேய்த்தார், பொடியாக உதிர்ந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"எவ்வளவு சீராகக் காய்ந்திருக்கிறது! வெயிலில் காய்ந்தால் இப்படி வராது. எந்திரத்தில்தானே போட்டாய்?"

கோவிந்தராஜ் துரைக்கண்ணுவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் லைன் இருந்தது, கம்பம் இருந்தது. துரைக்கண்ணு வாயைத் திறந்தான். திரும்பி எங்கள் வரிசையைப் பார்த்தான். எங்களில் ஒவ்வொருவரும் அவனுக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையை அசைத்தோம். நானும் அசைத்தேன்.

"ஆமாங்க சார். மெஷின்லதான்."

"எல்லாருமேவா?" என்றார் மேலதிகாரி எங்களைப் பார்த்து.

"ஆமாங்க" என்றோம்.